கதிரேசன் வரும் நேரம்

ஏப்ரல் 2, புதன்

ஜவுளிக்கடைக் கணக்கு வேலைக்கு இன்றோடு கும்பிடு போட்டாயிற்று. முதலாளி காரணம் கேட்டார். எழுதப் போகிறேன் என்றேன். இங்கேயும் எழுதத்தானே செய்தாய் என்றார். மனுஷன் சொன்னதில் தப்பில்லை. வேட்டியையும் பாவாடைத் துணியையும் வரவு வைத்தே முப்பத்தாறு வயசாகிவிட்டது. இனிமேல் வீட்டில் இருந்தபடி யார் கேட்டாலும் எழுதிக் கொடுத்துப் பிழைப்பது என்று முடிவு.

எட்டாம் வகுப்பில் பள்ளி மலருக்கு ஒரு கதை கொடுத்தேன். எதைப் பார்த்து எழுதினாய் என்று தமிழ் டீச்சர் அதட்டினாள். எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அதன்பிறகு பத்திரிகைகளுக்கு அனுப்பாத வாரம் இல்லை. போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்று எல்லாம் திரும்பி வரும். அதையெல்லாம் உட்கார்ந்து படிக்க வீட்டில் ஒரு ஆள் இருந்தது. இப்போது இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். சுளவுத் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. வீட்டில் ஆள் இருந்தால் நல்லதுதான் என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

முதல் வாரத்து வேலைகள்: ஒரு சடங்கு அழைப்பிதழ், மின்வாரியத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு ஏற்புரை, ஊறுகாய் பாட்டிலுக்கு நாலு வரி. ஊறுகாய்க்காரருக்கு நாலு வரியிலும் 'பாரம்பரியம்' வர வேண்டும். ஐந்தாவதாக ஒன்று சும்மா சேர்த்துக் கொடுத்தேன். மனிதர் குளிர்ந்துவிட்டார்.

மின்வாரியக்காரர் ஏற்புரையில் தன் மனைவியைப் பற்றி உருக்கமாக வேண்டும் என்றார். அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. எழுதியதைப் படித்துவிட்டுப் போனில் அழுதார். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

நாகர்கோவிலில் இருந்து ஜெபசிங் என்று ஒருவர் பேசினார். 'கருக்கல் நேரம்' என்று யூடியூபில் பேய்க்கதைச் சேனல் நடத்துகிறார். அவரே வாசிக்கிறார், நல்ல கட்டைக் குரல். போன வாரம் ஒரு கதை அனுப்பியிருந்தேன், புளியமரத்தில் தொங்கியவள் பற்றி. புளியமரத்தில் இருந்து இறங்கி வாருங்கள் மேடம், எல்லாரும் அங்கேதான் ஏறி இருக்கிறார்கள் என்று சிரித்தார். உண்மைச் சம்பவம் மாதிரி வேண்டுமாம். பக்கத்துத் தெருவில் நடந்த மாதிரி.

ஏப்ரல் 24, வியாழன்

நல்ல வெயில். ஒன்றும் எழுதவில்லை. ரேஷனில் பருப்பு வரவில்லை.

ஏப்ரல் 26, சனி

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். ஒரே மூச்சு. இப்படி எழுதி வருஷங்கள் ஆகின்றன.

கதை சின்னதுதான். கதிரேசன் என்று ஒரு பையன். குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போய் மூழ்கிவிடுகிறான். அதன்பிறகு தினமும் அந்திக் கருக்கலில் ஈரக்காலோடு குவாரி ரோட்டில் நடந்து வருகிறான். வீட்டு வாசலில் நின்று, "சோறு ஆறிட்டா?" என்று கேட்கிறான். அவனுக்குச் சுடுசோறு ஆகாது. உள்ளே இருப்பவர்கள் பயந்துபோய்ப் பதில் சொல்லாமல் இருக்கிறார்கள். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறான்.

யாரையும் மனசில் வைத்து எழுதவில்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கேயும் ஒரு குவாரி உண்டு என்றால், குவாரி இல்லாத ஊர் எது.

மே 3, சனி

கதை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஜெபசிங்குக்குக் கை கால் ஓடவில்லை. கதிரேசனைத் தொடராகக் கொண்டுபோகலாம், வாரம் ஒன்று கொடுங்கள் என்கிறார். ஒப்பந்தம் ஒன்றும் அனுப்பினார். கதையும் கதிரேசனும் சேனலுக்குச் சொந்தம் என்று அதில் இருந்தது. கதிரேசனை யார் வைத்துக்கொண்டால் எனக்கு என்ன? கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். என்னைத் தேடி வந்த முதல் ஒப்பந்தம். கையெழுத்தைக் கொஞ்சம் அழகாகவே போட்டேன்.

கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். கோவில்பட்டிக்காரர் ஒருவர் கதிரேசனை நேரிலேயே பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். வாழ்க.

மே 10, சனி

அம்மா இப்போதெல்லாம் ராத்திரிச் சோற்றை நாலு மணிக்கே வடித்துவிடுகிறாள். வடித்ததைத் தாம்பாளத்தில் பரத்தி, மின்விசிறிக்குக் கீழே வைக்கிறாள். ஏன் என்றேன். வெக்கையாக இருக்கிறது, ராத்திரி அடுப்படியில் நிற்க முடியவில்லை என்றாள். இருக்கலாம். வெக்கைதான்.

மே 12, திங்கள்

தண்ணீர்க் குழாயில் கோமு அக்காவைப் பார்த்தேன். மேலவீட்டுக்காரி. மத்தியானம் அம்மாவும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். கை வேலை செய்ய, காதுக்கு ஏதாவது வேண்டும் என்று அக்காவின் போனில் கதை ஓடும். அது தெரியும். எந்தக் கதை என்று நான் கேட்டதில்லை.

"ஒங்கம்மா கை நின்னு நான் பாத்ததே இல்லட்டி ஆவுட. அந்தக் குவாரிக் கத ஓடும்போது நின்னுட்டு. பொகையிலத் தூள் எல்லாம் மடியில கொட்டிக் கெடக்கு, அவளுக்குத் தெரியல. அப்படியே ஒன் தம்பி மாதிரியில்லா இருக்கு."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆமாம், எனக்கு ஒரு தம்பி. அந்தக் குட்டையில்தான் போனான். இருபத்திரண்டு வயசு, மூன்று வருஷம் ஆகிறது. மறுநாள்தான் கிடைத்தான். வீட்டு வாசலில் செருப்பை உதறும்போதே சோறு ஆறிவிட்டதா என்றுதான் கேட்பான். இந்த நோட்டில் முதல் நாளே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவன் போனபிறகு வீட்டுக்குள் அவன் பேரை நாங்கள் சொல்வதில்லை. அது ஒரு பழக்கமாகிவிட்டது.

மே 20, செவ்வாய்

மூன்றாம் பகுதி அனுப்பினேன். முன்பெல்லாம் ஒரு வரிக்கு ஒன்பது தடவை அடித்துத் திருத்துவேன். கதிரேசன் பேசும் இடங்களில் அடிக்கவே வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி வருகிறது. தொழில் கைக்குப் பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

மேஜையைக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினேன். காற்று வரும். குவாரி ரோடும் தெரிகிறது, அது பாட்டுக்கு.

ஜூன் 2, திங்கள்

விளக்கு வைக்க வேண்டிய நேரத்தில் அம்மாவைக் காணவில்லை. கோமு அக்கா வீட்டில் இல்லை, கடையில் இல்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓடினேன்.

குவாரியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அங்கே தடுப்பு கிடையாது. கல் உதிர்ந்துகொண்டே இருக்கும் இடம். கீழே பனை உயரத்துக்குப் பள்ளம், பிறகு தண்ணீர். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள். பக்கத்தில் தட்டில் சோறு, மேலே ஒரு வாழையிலைத் துண்டு. மூன்று வாரமாக இப்படித்தான் வந்து போகிறாளாம். நான் ஜன்னலைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறாள்.

"நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கான், ஒருத்தரும் பதில் சொல்லலன்னு திரும்பிப் போறான்னு கேட்டேன்ட்டி. நான் செவிடா போயிட்டனா, எனக்கு ஏன் கேக்கல? அதான் நாமளே கொண்டு வந்துருவோம்னு."

வாசலில் வந்து நிற்பதையும், பதில் சொல்லாமல் இருந்ததையும் எழுதியவள் நான். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். 

ஜூன் 3, செவ்வாய்

காலையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். அம்மா, அந்தக் கதையை எழுதுவது நான்தான். எல்லாம் இட்டுக்கட்டியது.

"நீயா எழுதுன?"

"நான்தாம்மா."

"சோறு ஆறிட்டான்னு அவன் கேக்கதும் நீ எழுதுனதா?"

"அது... அவன் கேக்கதுதான."

"பொறவு என்னட்டி இட்டுக்கட்டுன?"

 அம்மா எழுந்து பீடி இலையைத் தண்ணீரில் நனைக்கப் போனாள். போகிற போக்கில், அவன்தான் உன்கிட்ட வந்து சொல்லியிருப்பான், எங்கிட்ட வந்தா நான் அழுவேன்னு தெரியும் என்றாள். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

ஜூன் 14, சனி

தடுத்துப் பார்த்தேன், சண்டை போட்டேன், பின்கதவைப் பூட்டினேன். பூட்டிய அன்று முன்வாசல் வழியாகப் போய்ச் சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அதற்குமேல் பூட்டவில்லை. கூடவே போகிறேன். அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்றுதான்.

இன்று தூத்துக்குடியில் இருந்து இரண்டு பேர் எப்படியோ விசாரித்துக்கொண்டு பைக்கில் வந்து செல்போனில் குட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்து, கதிரேசன் வீடு எதும்மா என்று கேட்டார்கள். அவன் பேரு கதிரேசன் இல்லை என்று அம்மா சொன்னாள். வேறு என்ன பேர் என்று கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களாகவே போய்விட்டார்கள்.

முந்தின நாள் வைத்துவிட்டு வந்த தட்டில் சோறு அப்படியே இருந்தால் அம்மா முகம் வாடிவிடும். நேற்றுத் தட்டு காலியாக இருந்தது. நாய் தின்றிருக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் எனக்கும் நாய் என்று தோன்றவில்லை.

ஜூன் 23, திங்கள்

இதை எழுத்தால்தான் நிறுத்த முடியும். நான் சொன்னால் நம்பமாட்டாள், கதையில் கேட்டால் நம்புவாள். கடைசிப் பகுதியை எழுதிவிட்டேன். கதிரேசனின் அம்மா ஒருநாள் தைரியமாக வாசலுக்கு வந்து, சோறு ஆறிட்டு, வந்து சாப்பிடு என்கிறாள். அவன் சாப்பிடுகிறான். வயிறு நிறைந்துவிட்டது, இனி நீ வர வேண்டாம் ஐயா என்கிறாள். அவன் போய்விடுகிறான். ரோட்டில் ஈரக்கால் தடம் காய்கிறது.

ஒன்பது நாள் ஆயிற்று இதை எழுத. 'இனி வர வேண்டாம்' என்று எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். ஒருதரம் அவனைப் பாடையில் வைத்துக் கொண்டுபோனார்கள். இன்னொரு தரம் நானே அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது. அழுதுகொண்டேதான் எழுதினேன். கதை நன்றாக வந்திருக்கிறது. அதையும் கவனித்தேன், எழுத்துக்காரி புத்தி.

ஜூன் 27, வெள்ளி

ஜெபசிங் வேண்டாம் என்றுவிட்டார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். தம்பி, அம்மா, குவாரி விளிம்பு.  கெட்ட மனிதர் இல்லை.

"மேடம், கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா காய்க்கிற மரத்த வெட்டச் சொல்லுதீங்க. நீங்க எழுத வேண்டாம், ஓய்வெடுங்க. நான் வேற ஆள வச்சுப் பாத்துக்கிடுதேன்."

கதிரேசன் என்னுடையவன் என்றேன். ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்று மெதுவாகச் சொன்னார். நான் அழகாகக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

ஜூலை 5, சனி

வேறு ஆள் எழுதிய முதல் பகுதி இன்று வந்தது. யாரோ, பேர் போடவில்லை. அதே கட்டைக் குரல், அதே குவாரி ரோடு. கதிரேசன் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு சின்னப்பிள்ளையைக் காலைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுக்கிறான். இழுக்கும்போது சிரிக்கிறான்.

அம்மாவும் கோமு அக்காவும் சுளவும் மடியுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் நின்றேன். அம்மா கை நீட்டிப் போனைத் தள்ளிவிட்டாள்.

"இது எம்புள்ள இல்ல" என்றாள். "எம்புள்ள நண்டுகூடப் பிடிக்க மாட்டான். நிறுத்து கோமு."

கருக்கலில் அவள் கிளம்பவில்லை. சோறும் எட்டு மணிக்குத்தான் வடித்தாள். சூடாகவே சாப்பிட்டோம். இத்தனை நாள் நான் மன்றாடிக் கேட்டதை எவனோ ஒருவன் மோசமாக எழுதி நடத்திவிட்டான். சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன்.

ஜூலை 9, புதன்

பால் வாங்கப் போனவள் குவாரிப் பக்கமாகச் சுற்றி வந்தேன். அந்த வழியிலும் பால் கடை உண்டு.

ஜூலை 13, ஞாயிறு

ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒருவர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நல்ல வேலை. அணைக்கட்டுகள், மூன்று மகள்கள், ஒரு மாரடைப்பு. உட்கார்ந்தால் அவர் குரல் வரவில்லை. அணையில் தண்ணீர் என்று எழுதியவுடன் வேறு ஆள் பேசத் தொடங்கிவிடுகிறான்.

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், கேட்டுவிட்டேன். கதிரேசன் இரண்டாவது ஆளையும் கொன்றுவிட்டான். எல்லாம் கேவலம். ஆனால் வாசலில் வந்து நின்று, "சோறு ஆறிட்டா?" என்று அந்தக் குரல் கேட்டபோது, எழுந்து கதவு வரை போய்விட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி அமாவாசைக்குப் படையல் போட வேண்டும் என்று அம்மா சொன்னாள். மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். படையல் போட்டால் செத்தவன் என்று ஆகிவிடும் என்று மறுத்தவள் இவள்தான்.

"கண்டவனும் கூப்பிட்டு என்னென்னமோ செய்யச் சொல்லுதான். கேக்க நாதியில்லாத புள்ளன்னு நெனச்சிட்டானுவ. நாம கூப்பிட்டு, உக்கார வச்சு, சோறு போட்டு அனுப்பிருவோம்ட்டி. பொறவு எவன் கூப்பிட்டாலும் போக மாட்டான்."

எங்கள் பக்கத்து முறை இதுதான். இலை போட்டு எல்லாம் பரிமாறி, சூடம் காட்டி, ரத்த சொந்தம் ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவது.

பேர் சொல்லிக் கூப்பிடுவது நீதான் என்றாள். அவள் கூப்பிட்டால் அழுதுவிடுவாளாம். சரி என்றேன்.

ஜூலை 23, புதன்

உளுந்து, எள்ளு, வாழையிலை, சூடம். அளவு தெரியாமல் ஒரு சட்டை. இப்போது இருந்தால் கொஞ்சம் சதை போட்டிருப்பான் என்று அம்மா பெரியதாக எடுக்கச் சொன்னாள். கடையில் என் பழைய முதலாளி, எழுத்து எப்படிப் போகிறது என்றார். நன்றாகப் போகிறது என்றேன்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

விடியற்காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டு, அம்மா அடுப்படிக்குள் போனவள் உச்சிக்குத்தான் வந்தாள். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். பரணில் கிடந்த அவன் போட்டோவை எடுத்துத் துடைத்து, நடு வீட்டில் வைத்தோம். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கிறேன். நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தான். என் மனசில் அவன் எப்படியோ வளர்ந்திருக்கிறான்.

ஒரு இலை போட்டுப் பரிமாறினாள். சட்டையை மடிப்புக் கலையாமல் பக்கத்தில் வைத்தாள். சூடம் கொளுத்தினாள்.

"கூப்புடுட்டி."

வாயைத் திறந்தேன். "கதிரேசா, வா" என்று வந்தது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வீட்டுக்குள் சொல்லாமல் வைத்திருந்த பேர் நாக்குக்கு ஏறவில்லை. எழுதி எழுதிக் கைக்குப் பழகிய பேர் முந்திக்கொண்டு வந்துவிட்டது. சூடம் எரிந்துகொண்டே இருந்தது.

"அவன் பேரு மறந்துட்டாட்டி ஒனக்கு?" என்று கேட்டாள். திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

"உலகநாதா" என்றேன். "ஏல உலகு, வால. அக்கா கூப்பிடுதேன்."

அவ்வளவுதான் முடிந்தது. அதற்குமேல் அழுகைதான். அம்மா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

வாசலில் நின்றோம். வெயில் காலைச் சுட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே கிடக்கிற ஒற்றை இலைதான் ஞாபகத்தில் இருந்தது. நான் முதலில் யாரைக் கூப்பிட்டேன் என்பதும்.

நேரமாகிவிட்டது என்று அம்மா கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறும்மா" என்றேன். "ரெண்டு பேரு சாப்பிடணும்."